கிண்டிக் காடு யாருக்குச் சொந்தம்? மானுக்கா? மனிதனுக்கா?

பட்டணத்தின் நடுவே ஒரு காடு!

ஒரு பக்கம் சர்தார் பட்டேல் சாலை. பஸ்களும் கார்களும் ஓயாமல் ஓடுகின்றன. இன்னொரு பக்கம் வேளச்சேரி சாலை. அங்கேயும் அதே கூட்டம், அதே இரைச்சல். இடையிலே ஒரு மதில். மதிலுக்கு அப்பால் மான் மேய்கிறது, நரி ஊளையிடுகிறது, மயில் அகவுகிறது.

இதுதான் கிண்டி தேசியப் பூங்கா. அளவு 270 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் சொன்னால் சுமார் 670 ஏக்கர். இந்தியாவில் உள்ள மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் இதுவும் ஒன்று.

சென்னையில் இத்தனை பெரிய காடு இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அங்கே போகிறவர்கள் காட்டுக்குள் நடக்க முடியாது. காட்டின் ஓரத்தில் உள்ள சிறுவர் பூங்காவையும் பாம்புப் பண்ணையையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். "காடு பொதுச் சொத்துதானே? ஏன் உள்ளே விடக்கூடாது?" என்று பலர் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்வது அத்தனை சுலபம் அல்ல.

இடமில்லாத பட்டணம்

முதலில் கேட்கிறவர்களின் கஷ்டத்தைப் பார்ப்போம்.

சென்னையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒற்றை அறையிலும் இரண்டு அறையிலும் வாழ்கின்றன. வாசலில் இறங்கினால் தெரு. தெருவில் இறங்கினால் மோட்டார் சைக்கிள். பிள்ளைகள் ஓடி விளையாட இடம் இல்லை. தாத்தாவும் பாட்டியும் காற்று வாங்க ஒரு மரத்தடி இல்லை.

பணம் உள்ளவர்கள் விடுமுறைக்கு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகலாம். மற்றவர்களுக்கு என்ன இருக்கிறது? கடற்கரை இருக்கிறது. வண்டலூரில் மிருகக்காட்சி சாலை இருக்கிறது. நகருக்குள் சில பூங்காக்கள் இருக்கின்றன. 2010-ம் ஆண்டில் கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே பூச்செடிகள் உண்டு, புல்வெளி உண்டு. அது தோட்டம். மனிதன் நட்டு, தண்ணீர் ஊற்றி, வெட்டிச் சீர்செய்வது தோட்டம். தானாக முளைத்து, தானாக வளர்ந்து, தானாக உதிர்ந்து மண்ணாவது காடு. இரண்டும் ஒன்றல்ல.

காட்டைக் கண்ணால் பார்க்காமலே வளர்கிற பிள்ளைக்கு, காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் எப்படி வரும்? ஆகவே, மக்கள் காட்டுக்குப் போக ஆசைப்படுவது குற்றம் அல்ல. போகத்தான் வேண்டும். எங்கே வரை போவது என்பதுதான் பிரச்சினை.

வெள்ளைக்காரர் காலத்து வேட்டைக்காடு

கிண்டிக் காட்டின் கதை பழையது.

முன்பு அது ஒரு வெள்ளைக்காரரின் தனிச் சொத்தாக இருந்தது. 1821-ம் ஆண்டில் அரசாங்கம் அதை வாங்கியது. அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் சர் தாமஸ் மன்றோ. கோட்டையில் இருந்த கவர்னர்கள் வெயிலுக்கும் வேலைக்கும் ஓய்வு தேடி இங்கே வந்து தங்கினார்கள். அந்த ஓய்வு மாளிகைதான் பிறகு கவர்னர் மாளிகை ஆயிற்று. மாளிகையைச் சுற்றி இருந்த காடு, வேட்டைக்கு உரிய காடாக இருந்தது.

அந்தக் காலத்தில் ஏழை எளியவர்கள் இந்த வேலிக்குள் கால் வைக்க முடியுமா? முடியாது. அந்தத் தடையால்தான் காடு பிழைத்தது என்பது ஒரு வேடிக்கை. சுற்றிலும் இருந்த புதர்க்காடுகள் எல்லாம் வயலாகவும் வீடாகவும் மாறின. துரைமார்களின் வேட்டைக்காடு மட்டும் நின்றது. 1910-ம் ஆண்டில் அது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது.

பாதி காடு போன கதை

ஆதியில் இந்தக் காட்டின் பரப்பு 505 ஹெக்டேர். அதாவது சுமார் 1,250 ஏக்கர். இன்று இருப்பது 670 ஏக்கர். மீதி எங்கே போயிற்று?

திருடன் கொண்டுபோகவில்லை. நல்ல காரியங்களுக்குத்தான் போயிற்று.

1956-ம் ஆண்டு ஜனவரியில் காந்தி மண்டபம் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் ராஜாஜி. 1958-ம் ஆண்டில் காட்டின் பெரிய பகுதி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்குக் கொடுக்கப்பட்டது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் அந்தக் கழகம் பிறந்தது. இன்று உலகம் அறிந்த ஐ.ஐ.டி. அதுதான். பிறகு ராஜாஜிக்கு நினைவாலயம் எழுந்தது. 1975-ல் காமராஜர் மறைந்தார். அவருக்கும் அங்கேயே நினைவாலயம் எழுந்தது.

கல்வி வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? காந்திக்கு மண்டபம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஒருவரும் சொல்லமாட்டார்கள். காட்டுக்கு வந்த ஆபத்தே அதுதான். கெட்ட காரியத்துக்குக் காட்டைக் கேட்டால் எதிர்ப்பு வரும். நல்ல காரியத்துக்குக் கேட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. இப்படி ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். கடைசியில் பாதிதான் மிஞ்சியது.

அந்த மிச்சத்தை 1977-ல் வனத்துறை ஏற்றுக்கொண்டது. 1978-ல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. அதன் பிறகே வெட்டு நின்றது.

தேசியப் பூங்கா என்றால் வெறும் பெயர் அல்ல. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அங்கே அனுமதி இல்லாமல் யாரும் நுழையக்கூடாது; ஆடு மாடு மேய்க்கக்கூடாது; மரம் வெட்டக்கூடாது. பொதுமக்களை உள்ளே விடாததற்குக் காரணம் இந்தச் சட்டம்தான்.

அபூர்வமான காடு

"மலைக்காடு என்றால் சரி. இந்த முள்ளும் புதரும் காப்பாற்றத் தக்கதா?" என்று சிலர் நினைக்கலாம்.

கிண்டியில் இருப்பது சாதாரணப் புதர் அல்ல. சோழமண்டலக் கரைக்கே உரிய ஒருவகைக் காடு அது. விஞ்ஞானிகள் அதை உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். வறண்ட பூமியில் வளரும்; ஆனாலும் கோடையில் இலையை முழுவதும் உதிர்க்காது. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, சித்திரை வெயிலிலும் பச்சையாக நிற்கும். மரங்கள் குட்டையாக இருக்கும். இலைகள் தோல்போல் தடித்திருக்கும். இந்த வகைக் காடு ஒரு காலத்தில் கடலோரம் நெடுக இருந்தது. இன்று அங்கங்கே கோவில் காடுகளிலும், கோடியக்கரை போன்ற சில இடங்களிலும்தான் மிஞ்சி இருக்கிறது.

இங்கே 350-க்கும் மேற்பட்ட வகைச் செடி கொடி மரங்கள் உள்ளன. 130-க்கும் மேற்பட்ட வகைப் பறவைகள் வருகின்றன. குள்ளநரி, மரநாய், கீரி, ஆமை எல்லாம் உண்டு.

எல்லாவற்றிலும் மேலானது வெளிமான். தமிழ் இலக்கியத்தில் இரலை என்று சொல்லப்படுவது அதுதான். கலைமானுக்கு முறுக்கிய கொம்பு, கருத்த முதுகு, வெள்ளை வயிறு. ஓடத் தொடங்கினால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம்கூட எட்டும். தமிழ்நாட்டில் கிண்டி, கோடியக்கரை, வல்லநாடு, சத்தியமங்கலம் போன்ற சில இடங்களில்தான் அதைப் பார்க்கலாம்.

வெளிமான் புதருக்குள் வாழாது. அதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். எதிரியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓட வேண்டும் அல்லவா? புள்ளிமானுக்கு அந்தக் கவலை இல்லை. புதருக்குள்ளும் மேயும், நிழலிலும் படுக்கும். புதர் மண்ட மண்ட புள்ளிமானுக்குக் கொண்டாட்டம்; வெளிமானுக்குத் திண்டாட்டம். ஆகவே, வேலி போட்டுப் பூட்டிவிட்டால் மட்டும் காடு பிழைத்துவிடாது. புல்வெளியைப் புல்வெளியாக வைத்திருக்க வனத்துறை பாடுபட வேண்டியிருக்கிறது.

ஒரு பிளாஸ்டிக் பை செய்யும் வேலை

மனிதர் உள்ளே போனால் என்ன கெட்டுவிடும்?

ஒரு குடும்பம் போனால் ஒன்றும் கெடாது. ஒரு நாளைக்கு ஆயிரம் குடும்பம் போனால்?

ஆசையாகத்தான் மானுக்குத் தின்பண்டம் கொடுக்கிறார்கள். உப்பு ருசி பட்ட பையை மான் விடாது, பையோடு தின்றுவிடும். ஆடு மாட்டைப்போல மானும் அசைபோடும் பிராணி. அதன் இரைப்பையில் நான்கு அறைகள். பிளாஸ்டிக் பை முதல் அறையிலேயே சிக்கிக்கொள்ளும். கரையாது, வெளியேயும் வராது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து பந்துபோல் உருளும். வயிறு நிறைந்ததுபோல் இருக்கும், மான் மேயாது. வயிறு நிறைந்தபடியே பட்டினி கிடந்து சாகும். சென்னையில் செத்த மான்களின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக்கை எடுத்திருக்கிறார்கள்.

மிச்சம் மீதி உணவைத் தேடித் தெருநாய்கள் வரும். நாய் வந்தால் மான்குட்டிக்கு ஆபத்து. கூட்டமும் சத்தமும் மிகுந்தால் தாய்மான் மிரண்டு ஓடும். மிரண்ட மான் மதிலைத் தாண்டிச் சாலையில் விழுந்தால் அதன் கதி என்ன?

காடு பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் மனிதர் நடந்தாலும் மறு மூலையில் மான் நிம்மதியாக இருக்கும். பம்பாயில் உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைப் பாருங்கள். அது 100 சதுர கிலோமீட்டருக்கும் மேல். உள்ளே ஏரிகள் உண்டு. கன்னேரிக் குகைகள் உண்டு. சிறுத்தைகள் உண்டு. விடுமுறை நாளில் மக்கள் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். கிண்டி மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. பம்பாய்க் காட்டை இதோடு ஒப்பிட்டால் 38 மடங்கு வரும். அங்கே செய்வதை இங்கே செய்ய முடியாது. சின்ன வீட்டில் நூறு விருந்தாளியை எப்படி உட்கார வைப்பது?

ஓரத்தில் ஒரு பூங்கா

அப்படியானால் மக்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அந்த வழியை முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்.

1958-ம் ஆண்டில், பிரதமர் நேருவின் விருப்பப்படி, காட்டின் ஓரத்தில் ஒரு துண்டு சிறுவர் பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டது. காட்டின் உள்ளே தொந்தரவு இல்லை. பிள்ளைகளுக்கும் ஏமாற்றம் இல்லை. காட்டு மரங்களின் நிழலிலேயே நடக்கலாம். பறவைகளையும் விலங்குகளையும் பார்க்கலாம்.

பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. 1972-ல் ரோமுலஸ் விட்டேகர் அமைத்தது. பாம்பைக் கண்டால் கம்பைத் தேடுகிற வழக்கத்தை மாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பாம்பு பிடிப்பதில் வல்லவர்களான இருளர்களின் அறிவு அந்தப் பண்ணைக்குத் துணையாக நின்றது. எது விஷப் பாம்பு, எது விஷமற்றது என்று தெரிந்துகொண்டு திரும்பிய பிள்ளைகள் எத்தனையோ பேர்.

சிறுவர் பூங்கா அண்மையில் புதுப்பிக்கப்பட்டது. சுமார் 30 கோடி ரூபாய் செலவு. 2024-ம் ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் திறக்கப்பட்டது. கூட்டமும் திரண்டது. ஜனங்கள் இப்படிப்பட்ட இடத்துக்காக எவ்வளவு ஏங்குகிறார்கள் என்பதை அந்தக் கூட்டமே காட்டியது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பூங்கா அழகாக இருந்தால் மட்டும் போதாது. கூலி வேலை செய்கிறவர் தம் குடும்பத்தோடு உள்ளே போகவும் முடிய வேண்டும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு பஸ் கட்டணம் இருக்கிறது. நுழைவுச் சீட்டு இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால் வாங்கித் தர ஏதாவது வேண்டும். எல்லாம் சேர்ந்தால் ஒரு நாள் கூலியில் பெரும் பங்கு போய்விடும். சீட்டு விலை ஏறும்போதெல்லாம் வாசலிலிருந்து சிலர் திரும்பிப் போவார்கள். பூங்கா யாருக்கு அதிகம் தேவையோ, திரும்பிப் போகிறவர்கள் அவர்கள்தான். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது இலவசம் என்று வைத்தால் என்ன நஷ்டம் வந்துவிடும்?

பந்தய மைதானம் பூங்கா ஆகுமா?

ஓரத்துப் பூங்கா சிறியது. பட்டணமோ பெரியது. இந்தக் கூட்டத்துக்கு இன்னும் இடம் வேண்டும். காட்டை வெட்டாமல் இடம் கிடைக்குமா?

கிண்டியிலேயே பதில் இருக்கிறது. காட்டுக்குப் பக்கத்தில் குதிரைப் பந்தய மைதானம். அரசாங்கத்துக்குச் சொந்தமான 160 ஏக்கர் நிலம் 1945-ல் பந்தயக் கிளப்புக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. வாடகை எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம்! சென்னையில் இன்று ஒரு சின்ன அறைக்குக்கூட அந்தத் தொகை ஒரு மாத வாடகைக்குக் காணாது.

வாடகையை உயர்த்திக் கொடுக்கவில்லை, 730 கோடி ரூபாய் பாக்கி என்று அரசாங்கம் சொன்னது. 2024-ம் ஆண்டு செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. அதில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைப்பதாக அறிவித்தது. மழைநீரைத் தேக்க அங்கே குளங்களும் வெட்டப்பட்டன. கிளப் தரப்பு விடவில்லை. விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று.

வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்மானிப்பது நீதிபதிகளின் வேலை. ஆனால் நிலத்தின் பயன் என்ன என்று யோசிப்பது எல்லோருடைய வேலை.

118 ஏக்கர் என்பது சின்ன விஷயம் அல்ல. அதிலே நாட்டு மரங்களை நட்டு, நடைபாதை போட்டு, குளத்தைச் சுற்றி நிழல் உண்டாக்கினால், கிண்டிக் காட்டின் பாரம் பாதி குறையும். நடக்க விரும்புகிறவர்கள் அங்கே நடக்கலாம். ஓட விரும்பும் பிள்ளைகள் அங்கே ஓடலாம். மான் மதிலுக்கு உள்ளே நிம்மதியாக மேயும்.

இன்னொரு லாபமும் உண்டு. 2015-ம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. வேளச்சேரியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தார் ரோட்டில் பெய்த மழை ஓடும். சிமெண்ட் தரையில் பெய்த மழையும் ஓடும். மண்ணிலும் சருகிலும் பெய்த மழை இறங்கும். கிண்டியில் ஒரு காடும் ஒரு குளமும் இருந்தால், பக்கத்தில் உள்ள கிணறுகளுக்குத் தண்ணீர். பக்கத்தில் உள்ள வீடுகளுக்குப் பாதுகாப்பு.

ஒரு எச்சரிக்கை மட்டும் வேண்டும். பூங்கா என்று தொடங்கி, ஓட்டல் என்றும் கடைகள் என்றும் கார் நிறுத்துமிடம் என்றும் முடிந்துவிடக்கூடாது. நல்ல காரியங்களுக்குத் துண்டு துண்டாகக் கொடுத்தே ஒரு காடு பாதியாய்ப் போனதை இந்த ஊர் ஏற்கனவே பார்த்திருக்கிறது.

நட்டது வேறு, வளர்ந்தது வேறு

"வெட்டினால் என்ன? வேறு இடத்தில் நட்டுவிடலாம்" என்பது சிலர் வாதம். 2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. ஒரே நாளில் நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கிண்டியிலும் மரங்கள் விழுந்தன. சாலை ஓரத்தில் விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தினார்கள்; அதோடு தீர்ந்தது. காட்டிலே அப்படி அல்ல. விழுந்த மரம் கறையானுக்கு உணவாகும். கறையான் பறவைக்கு உணவாகும். விழுந்த இடத்தில் வெளிச்சம் பட்டு, மண்ணில் கிடந்த விதை முளைக்கும். தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் இந்தச் சக்தி, வரிசையாக நட்ட மரங்களுக்கு வர எத்தனையோ ஆண்டுகள் ஆகும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

கிண்டிக்குப் போவது சுலபம். மின்சார ரெயிலில் போனால் கிண்டி நிலையம். மெட்ரோவில் போனால் சின்னமலை நிலையம். இரண்டிலும் இறங்கிப் பக்கத்தில்தான். விடுமுறை நாளும் நேரமும் கேட்டு அறிந்துகொண்டு கிளம்பினால் ஏமாற்றம் இராது.

காலையிலேயே போவது நல்லது. வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடும். தண்ணீரைப் பாட்டிலிலும் சாப்பாட்டைப் பாத்திரத்திலும் கொண்டுபோகலாம். கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். எந்தப் பிராணிக்கும் எதையும் கொடுக்கக்கூடாது. கூண்டைத் தட்டி விளையாடும் பிள்ளையைப் பெரியவர்கள் தடுக்க வேண்டும்.

பார்க்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். "அதோ பார் மான்!" என்று சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் தங்காது. பத்து நிமிஷம் ஒரு மரத்தடியில் பேசாமல் உட்கார்ந்தால் போதும். எத்தனை பறவை, எத்தனை குரல், எத்தனை விதமான இலை என்று பிள்ளைகளே எண்ணத் தொடங்குவார்கள். மரத்தின் பெயர் அப்பாவுக்குத் தெரியாவிட்டால் பாட்டிக்குத் தெரியும். நகரத்துக்கு வந்தபின் மறந்துபோன எத்தனையோ பெயர்கள் அப்போது ஞாபகம் வரும்.

தீர்ப்பு என்ன?

கிண்டிக் காடு மானுக்கும் சொந்தம், மனிதனுக்கும் சொந்தம். உள்பகுதி மானுக்கு. ஓரப்பகுதி மனிதனுக்கு. அந்த ஓரத்தை வெளிப்பக்கமாக எவ்வளவு வேண்டுமானாலும் அகலப்படுத்தலாம். உள்பக்கமாக ஓர் அடிகூட அகலப்படுத்தக்கூடாது.

1,250 ஏக்கரில் 670 ஏக்கர் மிச்சம். இன்று சிறுவர் பூங்காவில் ஓடி விளையாடும் பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளை அழைத்து வரும்போதும் அந்த 670 ஏக்கர் அப்படியே இருக்க வேண்டும். பக்கத்தில் இன்னும் 118 ஏக்கர் பச்சையாகச் சேர்ந்திருந்தால், வருகிறவர்கள் இந்தத் தலைமுறையை வாழ்த்துவார்கள்.